ஐந்தாம் வகுப்பு வாசல்: பெங்களூரில் பள்ளி மாறும் வயதும் ஓர் அரசாணையும்

பெங்களூரின் உழைக்கும் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பேச்சு எழும். அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தையைத் தனியார் பள்ளிக்கு எப்போது மாற்றுவது? இந்த ஆண்டேயா, நான்காம் வகுப்பு முடியட்டுமா, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமா? வருமானம், பள்ளியின் தூரம், மூத்த பிள்ளைக்குக் கட்டும் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து வீட்டுக்குள்ளேயே எடுக்கப்படும் முடிவாக இது தோற்றம் தரும். ஆயினும் இந்தக் கேள்விக்கு அரசே ஒரு விடை எழுதி வைத்திருந்த காலம் உண்டு. 1994 ஏப்ரலில் கர்நாடக அரசு பிறப்பித்த ஆணை சொன்ன விடை: ஐந்தாம் வகுப்பு. அந்த விடையை நீதிமன்றங்கள் நீக்கிய விதமும், நீக்கியபின் அந்த வயது எங்கே நகர்ந்தது என்பதும் கல்வி வரலாற்றில் மட்டுமன்றி மொழி வரலாற்றிலும் வைத்துப் பார்க்க வேண்டியவை. பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

ஆணை பள்ளியின் உடைமையைப் பற்றிப் பேசவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அது பேசியது பயிற்றுமொழியைப் பற்றி. ஆனால் அரசுப் பள்ளி என்றால் கன்னடமோ தமிழோ உருதோ, தனியார் பள்ளி என்றால் ஆங்கிலம் என்னும் சமன்பாடு இந்நகரில் வலுப்பெற்றுவிட்ட பிறகு, பயிற்றுமொழி மாறும் வயதே பள்ளி மாறும் வயதாகவும் ஆயிற்று. இந்தச் சமன்பாடு தொன்மையானதன்று. அதன் பிறப்பை அறியத் தண்டுப் பகுதியின் வரலாற்றைச் சற்றுத் தொட்டுச் செல்ல வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைக்குடியிருப்பை உள்ளூர் மக்கள் 'தண்டு' என்றே அழைத்தனர். பழைய கோட்டையையும் பேட்டையையும் கொண்ட கன்னட நகரம் ஒருபுறம். சென்னைப் படையினரோடும், அவர்களுக்குச் சரக்கும் உழைப்பும் தந்தவர்களோடும் வந்து சேர்ந்த தமிழரின் தண்டு மறுபுறம். 1881இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயரின் ஆளுகையிலேயே நின்றது. 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஆக, இன்று ஒரே நகரமாகக் காணப்படும் பெங்களூரில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இரண்டு கல்வி நிர்வாகங்கள் இயங்கின. மைசூர்ப் பகுதியில் 1913இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. தண்டில் மறைத்தளங்களும் அறக்கொடையாளரும் மானியம் பெற்றுப் பள்ளி நடத்தினர்.

இந்த 'மானியம்' என்னும் சொல்லைத் தாண்டிப் போய்விடலாகாது. செயின்ட் ஜோசப் பள்ளி 1858இலும், பிஷப் காட்டன் பள்ளி 1865இலும் தோன்றின. இவை ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளை முதன்மையாகக் கருதியவை. 1873இல் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் ஏழைகளுக்கென அறப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் இவரே. பின்னாளில் ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் பெயரில் வளர்ந்த அந்நிறுவனம், உடைமையால் தனியார், நோக்கத்தால் பொது. அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தண்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்னிருந்த பிரிவு அரசு, தனியார் என்பதாக அமையவில்லை. எந்த இனத்தாருக்கான பள்ளி, எம்மொழிப் பள்ளி என்பதே பிரிவு. அரசுக்கும் கட்டணப் பள்ளிக்கும் நடுவே மானியப் பள்ளி என்னும் மூன்றாவது நிலம் ஒன்று அகலமாகக் கிடந்தது. பெங்களூர்த் தமிழரின் கல்வி பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் விளைந்தது.

விடுதலைக்குப் பின் அந்த நிலத்திற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ ஒரே சிறுபான்மை மொழியினராக இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. மொழிவழி மாநிலப் பிரிவினையை ஒட்டி 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சாசனத்தில் 350ஏ உறுப்பு சேர்க்கப்பட்டது; மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்வது மாநிலங்களின் முயற்சிக்குரிய கடமையாயிற்று. சிவாஜிநகர், அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழ்வழி வகுப்புகள் நிலைபெற்றதை இந்தப் பின்புலத்தில் வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

ஐந்தாம் வகுப்பு எங்கிருந்து வந்தது? கர்நாடகத்தின் அன்றைய பள்ளியமைப்பில் கீழ்நிலைத் தொடக்கப் பள்ளி ஒன்று முதல் நான்கு வரை, மேல்நிலைத் தொடக்கப் பள்ளி ஐந்து முதல் ஏழு வரை, எட்டிலிருந்து உயர்நிலை. நான்காம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் படித்த குழந்தை எப்படியும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறொரு கட்டடத்திற்குப் போயாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடமாகத் தொடங்கியதும் ஐந்தாம் வகுப்பில்தான். ஆகவே ஐந்தாம் வகுப்பு என்பது எந்தக் கல்விக் கோட்பாட்டாளரும் ஆய்ந்து கண்ட வயதன்று. படிக்கட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு திருப்பம். இருக்கும் அமைப்பை ஒட்டியே விதி எழுதப்படுவது நிர்வாகத்தின் இயல்பு. ஆயினும் இந்தத் தற்செயலான திருப்பத்தில் ஒரு பெருமதி இருந்தது. ஒன்பது, பத்து வயது வரை ஒரு மொழியில் எழுத்தறிவு பெற்று, பிறகு இன்னொரு மொழிக்குக் கடக்கலாம் என்னும் இடைவழியை அது திறந்து வைத்திருந்தது.

அந்த இடைவழி ஆணையாக எழுதப்பட்ட கதை கோகாக் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் சமஸ்கிருதத்திற்குக் கிடைத்து வந்த முதல் மொழித் தகுதி குறித்து எழுந்த சர்ச்சையை ஆராய 1980 ஜூலையில் கன்னட அறிஞர் வி. கிரு. கோகாக் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1981 ஜனவரியில் அளிக்கப்பட்ட அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்த குண்டுராவ் அரசு தயங்கியபோது, நடிகர் ராஜ்குமாரின் தலைமையில் 1982இல் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூலை 20 அன்று ஆணை வந்தது. மொழிச் சிறுபான்மையினர் வழக்குத் தொடுத்தனர். 1989 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆணை 1989 ஜூன் 19 அன்று வெளியானது. அப்போது கர்நாடகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. ஏப்ரலில் பொம்மை அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்து கொண்டிருந்தது. இத்தனை உணர்ச்சிகரமான ஒரு பொருளில், வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு நிர்வாகம் கொள்கை வகுத்தது என்பது இந்த வரலாற்றின் சிறு வினோதங்களில் ஒன்று. முதல் நான்கு வகுப்புகளில் பொதுவாகத் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுவதாக அந்த ஆணை கூறியது. 'எதிர்பார்க்கப்படுகிறது' என்னும் சொல்லாட்சியின் மென்மை கவனத்திற்குரியது. ஆங்கிலவழி மாணவர்களின் பெற்றோர் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1993 டிசம்பர் 8 அன்று மனு தள்ளுபடியாயிற்று. அந்தத் தீர்ப்பு தந்த துணிவில், நான்கு மாதங்களுக்குப்பின், 1994 ஏப்ரல் 22, 29 ஆகிய நாட்களில் புதிய ஆணைகள் பிறந்தன. எதிர்பார்ப்பு இப்போது கட்டளையாயிற்று. 1994-95 கல்வியாண்டு முதல் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளிலும், தனியார் பள்ளிகள் உட்பட, ஒன்று முதல் நான்கு வரை தாய்மொழியோ கன்னடமோ மட்டுமே பயிற்றுமொழி. ஐந்தாம் வகுப்பிலிருந்து விரும்பினால் ஆங்கிலத்திற்கோ வேறு மொழிக்கோ மாறலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.

இந்த ஆணையின் தர்க்கத்தை அதன் எதிரிகளும் ஆதரவாளர்களும் மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டுமே பார்த்துவிட்டனர். அதில் வேறொன்றும் இருந்தது. வசதியுள்ள வீட்டுக் குழந்தையும் வசதியற்ற வீட்டுக் குழந்தையும் முதல் நான்கு ஆண்டுகள் ஒரே வகையான மொழியில் கற்கும் என்னும் கற்பனை அது. கோத்தாரி ஆணைக்குழு 1966இல் பரிந்துரைத்த அருகமைப் பொதுப்பள்ளி நாட்டில் எங்கும் உருப்பெறவில்லை. கட்டணமும் கட்டடமும் வேறாக இருந்தாலும், மொழியளவிலாவது அந்தச் சமன்மையை நான்கு ஆண்டுகளுக்குக் கொண்டுவரும் ஏற்பாடாக 1994 ஆணையை வாசிக்க இடமுண்டு. அரசு அப்படி வாதிட்டு மக்களை இணங்க வைக்க முயன்றிருந்தால் கதை வேறாகியிருக்கக்கூடும். அது அங்கீகார ரத்து என்னும் ஆயுதத்தையே நம்பியது.

ஆயுதத்திற்குப் பெங்களூர் தந்த பதில் இரட்டைக் கணக்கு. கன்னடவழிப் பள்ளி என்று விண்ணப்பித்து அங்கீகாரம் பெறுவது. வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்பிப்பது. பதிவேட்டில் ஒரு மொழி, கரும்பலகையில் இன்னொரு மொழி. பெற்றோருக்கும் நிர்வாகத்திற்கும் ஆய்வாளருக்கும் இது தெரியும். 2006இல், குமாரசாமி முதல்வராகவும் பசவராஜ் ஹொரட்டி கல்வி அமைச்சராகவும் இருந்தபோது, இவ்வாறு இயங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பறிக்க அரசு முனைந்தது. அதே அரசு, 2007-08 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு பாடமாக்கியது. இரு நடவடிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஐந்தாம் வகுப்பு எல்லையில் அரசுக்கே நம்பிக்கை குறையத் தொடங்கியதை உணரலாம்.

2008 ஜூலை 2 அன்று உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 1994 ஆணையின் முக்கியப் பகுதிகள் செல்லாது. ஆனால் அரசு நடத்தும் பள்ளிகளையும் அரசு மானியம் பெறும் பள்ளிகளையும் பொறுத்தவரை அவை தொடரும். அரசு மேல்முறையீடு செய்தது. 2013 ஜூலையில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2014 மே 6 அன்று தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐவர் அமர்வு அரசின் முறையீட்டைத் தள்ளியது. நீதிபதி ஏ.கே. பட்நாயக் எழுதிய அத்தீர்ப்பின்படி, தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தேர்வது பேச்சுரிமையின் ஒரு பகுதி. தாய்மொழி எது என்பதைக் குழந்தையின் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்வர். 350ஏ உறுப்பு வசதி செய்துதரும் கடமையை அரசுக்கு விதிக்கிறதே தவிர, தாய்மொழியில்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைத் தருவதில்லை.

இதை உரிமைத் தீர்ப்பு என்று வரவேற்றவர்கள் உண்டு; கன்னடத்திற்கு இழைக்கப்பட்ட அநீதி என்று வருந்தியவர்களும் உண்டு. இரு தரப்பும் 2008 தீர்ப்பு போட்ட கோட்டின் இருப்பிடத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை. 1994 ஆணை எல்லாப் பள்ளிகளையும் ஒரே விதியில் கட்டியிருந்தது. 2008க்குப் பின், கட்டணம் கட்டுபவரின் குழந்தை ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலவழியில் சேரலாம். கட்டணம் கட்ட முடியாதவரின் குழந்தை ஐந்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். மானியப் பள்ளியும் அரசின் பக்கமே தள்ளப்பட்டதால், தண்டுப் பகுதியின் அந்தப் பழைய மூன்றாவது நிலமும் இல்லாமற் போயிற்று. ஆங்கிலம் வேண்டுமென்றால் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறுவதே வழி என்னும் நிலையைச் சந்தை மட்டும் உருவாக்கிவிடவில்லை. சட்டமும் கோடு கிழித்துக் கொடுத்தது. சாசனம் தரும் சுதந்திரம் தடையின்மையைத் தந்தது. தேர்வதற்கான வகுப்பறையைத் தரவில்லை.

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1999இல் தமிழக அரசு, ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழி என்று ஆணையிட்டது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வழக்குத் தொடுக்க, 2000இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்தது. கர்நாடகம் இருபது ஆண்டுகள் இழுத்த வழக்கைத் தமிழகம் சில மாதங்களில் முடித்துக்கொண்டது. முடிவு ஒன்றே.

இவ்விடத்தில் மொழியியல் என்ன சொல்கிறது என்று கேட்பது நியாயம். வயது பற்றிய கேள்விக்கு அது தரும் விடை, வழக்கு மன்றத்தில் இரு தரப்பும் விரும்பிய அளவுக்குத் தெளிவானதன்று. 1976இல் ஸ்குட்னப்-காங்கஸ், டவுகோமா ஆகியோர் சுவீடனுக்குக் குடிபெயர்ந்த ஃபின்னியக் குழந்தைகளை ஆராய்ந்தனர். பத்து வயதளவில் வந்தவர்கள், அதற்கு முன்னரே வந்தவர்களைவிடச் சுவீடிய மொழியின் கல்விசார் பயன்பாட்டில் நன்கு தேறியதாக அவர்கள் கண்டனர். சொந்த மொழியில் எழுத்தறிவு ஊன்றிய பிறகு கடந்தவர்கள் அதை உடன் எடுத்துச் சென்றனர் என்பது விளக்கம். இதன் தொடர்ச்சியாக ஜிம் கம்மின்ஸ் 1979இல் அன்றாடப் பேச்சுத் திறனையும் கல்விசார் மொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். முன்னது விரைவில் வரும். பின்னது ஆண்டுகள் எடுக்கும். பின்னதில் ஒரு மொழியில் பெற்ற வலிமை இன்னொரு மொழிக்கும் உதவும். பத்து வயது என்பது நம் கணக்கில் ஐந்தாம் வகுப்பு. படிக்கட்டில் தற்செயலாக அமைந்த திருப்பம் ஆய்வாளர்களின் வயதோடு ஒத்துப்போனது வியப்பே. ஆனால் ஃபின்னியக் குழந்தை கடந்து சென்ற சுவீடிய மொழி, அதைச் சூழ்ந்த சமூகத்தின் மொழி. ஸ்ரீராமபுரத்துக் குழந்தைக்கு ஆங்கிலம் அப்படியன்று. தெருவில் தமிழும் கன்னடமும், கடையில் கன்னடமும் தக்கினி உருதும் கேட்கும் குழந்தைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் ஆசிரியரின் வாயிலிருந்து மட்டுமே வரும். அந்த ஆசிரியர் சரளமாக ஆங்கிலம் பேசாதவராயின், ஐந்தில் மாறினாலும் ஒன்றில் மாறினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

தனியார் பள்ளிக்கு மாறுவதன் கற்றல் பயன் குறித்து நம் அண்டை மாநிலத்திலேயே வலுவான சான்று கிடைத்துள்ளது. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நான்கு ஆண்டுகள் நடத்திய பரிசோதனையில், அரசுப் பள்ளிக் குழந்தைகள் சிலருக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டணம் வழங்கப்பட்டது. 2015இல் வெளியான முடிவின்படி, மாறிய குழந்தைகளுக்கும் மாறாதவர்களுக்கும் இடையே தெலுங்கிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அரசுப் பள்ளியில் கற்பிக்கப்படாத இந்தியில் மட்டும் தெளிவான முன்னேற்றம். தனியார் பள்ளியின் செலவோ அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு தரப்பாரும் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவு இது. மாற்றத்தால் கற்றல் தானாக உயராது என்பது மட்டும் மறுக்க முடியாதது.

அப்படியானால் பெற்றோர் ஏமாந்துபோனவர்களா? கல்விப்புலத்தில் இப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு. அது மேட்டிமையான கூற்று. பெங்களூரில் பி.யூ.சி. அறிவியல், பொறியியல், மருத்துவம், நீதிமன்றத்தின் மேல் அடுக்குகள், அலுவலக வேலைவாய்ப்பு அனைத்தும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. தாய்மொழிவழிக் கல்வியை மேடையில் போற்றுபவர்களில் தம் பிள்ளைகளைத் தமிழ்வழியிலோ கன்னடவழியிலோ சேர்த்தவர்கள் எத்தனை பேர் என்பதைத் தையற்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் நான்கு ஆண்டுகள் குழந்தைக்குப் புரியும் மொழி, அதன்பின் ஆங்கிலம் என்னும் பாதை நம்பத்தக்கதாக இருந்திருந்தால், அதைத் தேர்ந்திருக்கக்கூடிய குடும்பங்கள் பல. அந்தப் பாதையே படிப்படியாக அடைபட்டதுதான் இந்த வரலாற்றின் மையம்.

அடைத்தவற்றுள் ஒன்று, எதிர்பாராத விதமாக, 2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. ஆனால் அந்த ஒதுக்கீடு தொடக்க வகுப்பில் மட்டுமே: ஒன்றாம் வகுப்பில், அல்லது பள்ளி மழலையர் வகுப்பு நடத்துமானால் அங்கே. ஐந்தாம் வகுப்பில் மாற விரும்பும் ஏழைக் குழந்தைக்கு இச்சட்டத்தில் கதவு இல்லை. கட்டணமின்றித் தனியார் பள்ளி வேண்டுமென்றால் எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ விண்ணப்பித்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். தாய்மொழியைப் பரிந்துரைத்த சட்டமே, தாய்மொழியில் தொடங்கிப் பின்னர் மாறுவதைப் பொருளாதார அளவில் இயலாததாக்கியது. பின்னர் 2019இல் கர்நாடக அரசு விதியைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ மானியப் பள்ளியோ இருக்கும் இடங்களில் இந்த ஒதுக்கீட்டையும் விலக்கியது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அந்தத் திருத்தத்தை ஏற்றது. நகரத்தில் பெரும்பாலான வட்டாரங்களில் ஏதேனும் ஒரு பள்ளி அருகில் இருக்கும் என்பதால், விளைவைப் பெங்களூர் உடனே உணர்ந்தது.

தமிழ்க் குழந்தைக்கு இந்த அடைப்பு இருபுறமும் நேர்ந்தது. கன்னடவழிக் குழந்தை நான்காம் வகுப்புக்குப் பிறகும் கன்னடவழியிலேயே பத்தாம் வகுப்பு வரை செல்லலாம். அதற்குப் பள்ளிகள் உண்டு. தமிழ்வழியில் தொடங்கிய குழந்தைக்கு மேல் வகுப்புகளில் தமிழ்வழிப் பள்ளிகள் அரிது. ஆகவே அதற்கு ஐந்தாம் வகுப்பு மாற்றம் விருப்பம் என்பதைவிடத் தேவை. அந்த வயதில் ஆங்கிலவழி கிடைக்காவிட்டால், அதுவரை பாடமொழியாகப் பழகாத கன்னடவழிக்குச் செல்ல வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நிகழ்ந்த வன்முறை, தமிழ் அடையாளத்தைப் பொதுவெளியில் காட்டுவதில் ஒரு தயக்கத்தை விதைத்தது. அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பது அந்தக் காலத்தின் மனநிலைக்கு ஒரு குறியீடு. தமிழ்வழி வகுப்பில் சேர்க்கை குறைந்தது. சேர்க்கை குறைந்ததால் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் இல்லாததால் சேர்க்கை மேலும் குறைந்தது. 40 மாணவர், 10 மாணவர் என்று 1949இல் பாதுகாப்பாக எழுதப்பட்ட எண்கள், இந்தச் சுழலில் மூடுவதற்கான அளவுகோலாக மாறின.

2014 தீர்ப்பு எழுப்பிய கேள்விகளில் மொழியியலாளரை மிகவும் உறுத்துவது 'தாய்மொழி எது' என்பது. இதே ஸ்குட்னப்-காங்கஸ் தாய்மொழியை நான்கு வகையில் வரையறுக்கலாம் என்றார்: முதலில் கற்ற மொழி, நன்கு அறிந்த மொழி, மிகுதியாகப் பயன்படுத்தும் மொழி, தன்னுடையதென உணரும் மொழி. தண்டுப் பகுதியில் வளரும் குழந்தைக்கு இந்த நான்கும் ஒரே மொழியாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. வீட்டில் தமிழ், விளையாட்டில் உருதும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம். மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை வழிநடத்திய டி.பி. பட்நாயக், இந்தியாவின் பன்மொழியத்தை ஒற்றைத் தாய்மொழிச் சட்டகத்துக்குள் அடைக்க முடியாது என்று 1981இலேயே வலியுறுத்தினார். பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று நீதிமன்றம் சொன்னது, அரசு அதிகாரி முடிவு செய்வதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தாய்மொழி என்பது மொழிநிலை பற்றிய ஓர் உண்மை என்னும் தகுதியை இழந்து, ஓர் அறிவிப்பாக மட்டும் நின்றது. அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் பள்ளியில் எதுவும் மாறப்போவதில்லை என்னும்போது, அந்த அறிவிப்புக்கு எடை ஏது?

2019-20இல் கர்நாடக அரசு ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது. சந்திரசேகர கம்பார் உள்ளிட்ட கன்னட எழுத்தாளர்கள் எதிர்த்தனர். அரசுப் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் வெளியேறுவதை நிறுத்த வேறு வழியில்லை என்றது அரசு. 2006இல் கன்னடவழி என்று எழுதி ஆங்கிலத்தில் கற்பித்த பள்ளிகளின் மேல் நடவடிக்கைக்கு முனைந்தபோது முதல்வராக இருந்தவரே இந்தப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோதும் முதல்வர். மறு ஆண்டு வெளியான தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று எழுதியது. அந்த ஐந்து, கர்நாடகத்தில் கால் நூற்றாண்டுக்கு முன் ஆணையாக இருந்து, வழக்காடித் தோற்று, அரசே கைவிட்ட எண்.

இன்று தனியார் பள்ளிகளில் சேர்க்கை எல்.கே.ஜி.யில் நடக்கிறது. இடைநிலை வகுப்புகளில் யாரேனும் விலகினால்தான் இடம் உண்டு. 2015இன் கன்னட மொழி கற்றல் சட்டத்தால் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாக எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். மூன்றாம் மொழியாகப் பெரும்பாலும் இந்தி. தமிழ் கற்பிக்கும் தனியார் பள்ளிகள் சில. சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்னும் கட்டம் மட்டும் மாறாமல் இருக்கிறது. பெற்றோர் அதில் தமிழ் என்றே எழுதுகின்றனர்.